பேட்டைக்கு எத்தனை எழுத்து?

ஜாவாவா, பைத்தானா, சி-யா... ‘எது பெஸ்ட்?’னு கேக்கிறதை விட்டுட்டு ‘எதுக்கு?’னு கேட்டுப் பாருங்க பாஸ்!

காலேஜ் கேன்டீன்ல நாலு கம்ப்யூட்டர் சயின்ஸ் பசங்க சேர்ந்தா போதும், பட்டிமன்றம் ஆரம்பம். ‘மச்சி, பைத்தான்தான்டா ஃப்யூச்சர்!’, ‘போடா, ஜாவா தெரியாம எவன் வேலை குடுப்பான்?’, ‘சி தெரியாதவன்லாம் புரோகிராமரே இல்ல!’ ரஜினியா கமலா மாதிரி இதுவும் தலைமுறை தாண்டி ஓடுற சண்டை. டீ ஆறிப் போகும், சமோசா காலியாகும், தீர்ப்பு மட்டும் வராது.

தீர்ப்பு வேணும்னா கொஞ்சம் ஆர்.கே.பேட்டை பக்கம் வாங்க. திருவள்ளூர் மாவட்டத்தில், திருத்தணி மலையிலிருந்து மேற்கே போனால் வரும் ஊர். முழுப் பெயர் ராமகிருஷ்ணராஜுபேட்டை. ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். திருத்தணி தாலுகா முதலில் ஆந்திராவோடு இருந்தது, ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்கு அப்புறம், 1960 ஏப்ரல் 1-ம் தேதி தமிழ்நாட்டோடு சேர்ந்தது. மேப்பில் கோடு மாறியது. ஜனங்களின் நாக்கு மாறவில்லை. இந்தப் பக்கத்து வீடுகளில் இன்றைக்கும் தமிழும் தெலுங்கும் ஒரே தட்டில் சாப்பிடுகின்றன.

இந்த ஊரில் யாரும் ‘தமிழ் பெஸ்ட்டா, தெலுங்கு பெஸ்ட்டா?’ என்று கேட்டுவிட்டு வாயைத் திறப்பதில்லை. எதிரில் நிற்பது யார், பேசுவது என்ன விஷயம் — அதைப் பார்த்து நாக்கு தானாக கியர் மாற்றிக்கொள்ளும். பள்ளிப்பட்டு பஸ்ஸில் ஒரு மொழி, சித்தூர் வியாபாரியிடம் இன்னொரு மொழி. அவ்வளவுதான் விஷயம்!

புரோகிராமிங்கிலும் அதேதான். வேலையைப் பார், அப்புறம் மொழியை எடு. கேட்க சிம்பிளா இருக்குல்ல? ஆனா இதைத் தலைகீழா செஞ்சு காசையும் வருஷத்தையும் தொலைக்கிறவங்க நம்மில் நிறைய பேர். 1999-ல் ‘ஒய்டூகே’ பயத்தில் கோபால் கோர்ஸ் ஓடியது. அடுத்து ஜாவா, டாட்நெட். இப்போ பைத்தான், ‘ஃபுல் ஸ்டாக்’. சீசனுக்கு ஒரு ஹீரோ. விசைத்தறிச் சத்தம் கேட்கிற வீடுகளில், அப்பா அம்மா ராத்திரி ஷிஃப்ட் பார்த்துச் சேர்த்த பணம்தான் கோர்ஸ் ஃபீஸாகப் போகிறது. அதனால் இது வெறும் கேன்டீன் சண்டை இல்லை.

ஆர்.கே.பேட்டைக்காரர்களுக்குத் தெரிந்த வேலைகளையே எடுத்துக்கொண்டு, எதுக்கு எந்த மொழி என்று பார்த்துவிடலாமா?

வேலை 1: ஊர்ப் பேரை எண்ணு

‘பேட்டை’ — இதில் எத்தனை எழுத்து? பே, ட், டை. மூணு. ஒண்ணாங்கிளாஸ் குழந்தை சொல்லிடும்.

இதையே பைத்தானிடம் கொடுத்து, நீளத்தைச் சொல்லும் ‘லென்’ கட்டளையைக் கேளுங்கள். 6 என்று சொல்லும். ஜாவாவும் ஜாவாஸ்கிரிப்ட்டும் அதே 6. சி-யில் ‘ஸ்டர்லென்’ போட்டால் 18! ‘கோ’ மொழியும் ‘ரஸ்ட்’டும் 18-தான். ஐபோன் ஆப் எழுதப் பயன்படும் ‘ஸ்விஃப்ட்’டிடம் கேட்டால் மட்டும் சமர்த்தாக 3 என்கிறது.

யாருங்க சரி? காமெடி என்னன்னா, எல்லாருமே சரி! யூனிகோடில் ‘பே’ என்பது ஒற்றை எழுத்தாக இல்லை. ‘ப’ ஒன்று, ஏகாரக் குறி ஒன்று என இரண்டு எண்கள். ‘ட்’ என்பது ‘ட’ ஒன்று, புள்ளி ஒன்று. ‘டை’ என்பது ‘ட’ ஒன்று, ஐகாரக் குறி ஒன்று. ஆக மொத்தம் 6. அந்த ஆறையும் ‘யுடிஎஃப்-8’ முறையில் டிஸ்க்கில் எழுதினால், ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட். ஆறு மூணு பதினெட்டு. சி எண்ணுவது பைட்டை. பைத்தான் எண்ணுவது யூனிகோடு எண்களை. ஸ்விஃப்ட் எண்ணுவது கண்ணுக்குத் தெரிகிற எழுத்தை.

ஃபைல் எவ்வளவு இடம் பிடிக்கும் என்று கணக்குப் போட 18 வேண்டும். தமிழ்க் குறுக்கெழுத்து கேம் செய்ய 3 வேண்டும். மொழி எதை எண்ணுகிறது என்று தெரியாமல் உட்கார்ந்தால், கேம் கட்டங்கள் கன்னாபின்னாவென்று வரும்.

சந்தேகமா? லேபில் முதல் செமஸ்டரில் எல்லாரும் எழுதுகிற ‘பாலிண்ட்ரோம்’ புரோகிராம் இருக்கே, திருப்பிப் போட்டாலும் அதே சொல் வருதான்னு பார்க்கிறது? அதுக்கு ‘மேடம்’, ‘லெவல்’னு இங்கிலீஷ் வார்த்தைகளை இங்கிலீஷ் எழுத்தில் கொடுத்தா பாஸ். நம்ம ஊர் ‘விகடகவி’யைத் தமிழில் கொடுத்துப் பாருங்க. பைத்தானில் சாதாரணமாகத் திருப்பிப் போட்டால், கடைசியில் இருக்கிற இகரக் குறி துள்ளிக்கொண்டு முன்னால் வந்து நிற்கும். ‘இது பாலிண்ட்ரோம் இல்லை’ என்று கம்ப்யூட்டர் சத்தியம் செய்யும். தெனாலிராமன் கேட்டால் சிரிப்பார்!

அதுக்காக பைத்தானைத் தூக்கிப் போட வேணாம். ‘ஓப்பன்-தமிழ்’ என்று ஒரு இலவச நூலகம் பைத்தானுக்கு இருக்கிறது. அதைச் சேர்த்துக்கொண்டால் சொல்லை வி, க, ட, க, வி என்று ஒழுங்காகப் பிரித்துக் கொடுக்கும். அதைத் தொடங்கிய முத்து அண்ணாமலைதான் தமிழிலேயே கட்டளை எழுதும் ‘எழில்’ மொழியையும் உருவாக்கியவர். 2009-ல் அதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். எழிலுக்கு அடியில் ஓடுவது பைத்தான்தான். பாங்க் சாஃப்ட்வேர் எழுதுவது எழிலின் வேலை இல்லை. இங்கிலீஷ் பயம் இல்லாமல் ஒரு குழந்தை முதல் புரோகிராம் எழுதுவதுதான் அதன் வேலை. அந்த வேலைக்கு அது கச்சிதம்.

பாடம் ஒண்ணு: மொழியை மட்டும் பார்க்காதீங்க. உங்க வேலைக்கு ஏற்ற நூலகம் அந்த மொழியில் ரெடியா இருக்கான்னு பாருங்க.

வேலை 2: கூலிக் கணக்கு

அடுத்து, மாஸ்டர் வீவரின் நோட்டுப் புத்தகம். யாருக்கு எத்தனை பாவு கொடுத்தோம், எத்தனை உருப்படி திரும்பி வந்தது, முன்பணம் எவ்வளவு, கழித்தது போக கூலி எவ்வளவு. இதை கம்ப்யூட்டரில் ஏற்றணும். எந்த மொழி?

முதல் பதில் உங்களுக்குப் பிடிக்காது: எதுவும் வேணாம்! பத்து தறிக்கு எக்ஸெல் ஷீட் தாராளம். ஒரே நேரத்தில் நாலு பேர் பதிவு போடணும், பழைய கணக்கைத் தேடி எடுக்கணும்னா ஒரு டேட்டாபேஸும் எஸ்.க்யூ.எல்.லும் போதும். எல்லாத்துக்கும் கோடு எழுதணும்னு கை துறுதுறுக்கிறது இந்த வயசு வியாதி. கோடு எழுதாமல் முடிகிற வேலையைக் கண்டுபிடிக்கிறவன்தான் நல்ல இன்ஜினீயர்.

சரி, எழுதித்தான் ஆகணும்னு வைங்க. அப்போ ஒரு குழி காத்திருக்கிறது. பைத்தானிலோ ஜாவாஸ்கிரிப்ட்டிலோ 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டுங்கள். 0.3 வரணும். வருவது 0.30000000000000004! பத்து பைசாவையும் இருபது பைசாவையும் கூட்டத் தெரியாத கம்ப்யூட்டரா என்று தோணும். விஷயம் இதுதான்: கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது இரண்டடிமான எண்கள். நம்ம முறையில் மூணில் ஒரு பங்கை 0.333... என்று எழுதி முடிக்கவே முடியாதது போல, அதன் முறையில் பத்தில் ஒரு பங்கை எழுதி முடிக்க முடியாது. எங்கேயோ வெட்டி நிறுத்துகிறது. அந்த வெட்டுதான் கடைசியில் எட்டிப் பார்க்கும் 4. சி-யில் சாதாரணமாக பிரிண்ட் செய்தால் ஆறு தசமத்தோடு நிறுத்திவிடுவதால் 0.300000 என்று தெரியும். சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள், ஒளிந்திருக்கிறது.

ஒரு கணக்கில் இது தூசு. ஆயிரக்கணக்கான வரிகளைக் கூட்டி, ரவுண்ட் செய்து, மறுபடி கூட்டினால் நெசவாளியின் கூலிச் சீட்டும் முதலாளியின் பேரேடும் பைசாவில் உதைக்கும். ‘ஏன் சாமி குறையுது?’ என்று கேட்கிறவருக்கு இரண்டடிமான எண்ணை விளக்கிக்கொண்டிருக்க முடியாது. அதனால் காசு விஷயத்தில் பைத்தான் என்றால் ‘டெசிமல்’, ஜாவா என்றால் ‘பிக்டெசிமல்’ எடுக்கணும். அல்லது எல்லாவற்றையும் பைசாவாக்கி முழு எண்ணிலேயே கூட்டணும்.

இந்த இடத்தில்தான் தாத்தா கோபால் மீசையை முறுக்குகிறார். 1959-ல் வியாபாரக் கணக்குக்காகவே திட்டமிட்ட மொழி அது. தசம எண்ணைத் தசமமாகவே வைத்துக் கூட்டுவது அதன் ரத்தத்தில் இருக்கிறது. ‘செத்துப் போச்சு’ன்னு எத்தனை தடவை சொன்னாங்க? 2020 ஏப்ரலில், கொரோனாவால் வேலையிழந்தவர்களின் விண்ணப்பங்கள் குவிந்து அரசு கம்ப்யூட்டர்கள் திணறியபோது, அமெரிக்காவின் நியூஜெர்சி கவர்னர் மைக் முன்னால் நின்று ‘கோபால் தெரிஞ்சவங்க வந்து உதவுங்க’ன்னு கேட்டார். ஓடுகிற பழைய கணக்கை மாற்றி எழுதுவது, ஓடுகிற தறியை நிறுத்தாமல் ரிப்பேர் பார்க்கிற மாதிரி.

பாடம் ரெண்டு: எல்லா மொழியும் கூட்டும். உங்க கணக்கு எந்த இடத்தில் தப்பினால் யாருக்கு வலிக்கும்னு யோசிச்சு எடுங்க.

வேலை 3: தறியை ஓட்டு

நெசவு ஊரில் பிறந்தவர்களுக்கு ஒரு ரகசியம். புரோகிராமிங்கின் கொள்ளுப்பாட்டி வீடு தறிக்கொட்டகைதான். 1804-ல் பிரான்சின் லியோன் நகரத்தில் ஜோசப் மேரி ஜக்கார்ட் உருவாக்கிய தறியில், ஓட்டை போட்ட அட்டைகள் வரிசையாக வரும். ஓட்டை இருந்தால் பாவு நூல் தூக்கும், இல்லாவிட்டால் தூக்காது. ஆமாவா, இல்லையா — ஒன்று, பூஜ்யம்! சார்லஸ் பாபேஜ் தன் கணக்கு இயந்திரத்துக்கு இந்த அட்டை ஐடியாவைத்தான் எடுத்துக்கொண்டார். 1843-ல் அதற்குக் குறிப்பு எழுதிய ஏடா லவ்லேஸ், தறி பூவும் இலையும் நெய்வதோடு இந்த மெஷினை ஒப்பிட்டார். பக்கத்து காஞ்சிபுரத்தில் ஜக்கார்டு பெட்டியும் அட்டையும் பார்த்தவர்களுக்கு இதை வகுப்பெடுக்கத் தேவையில்லை.

இப்போது அட்டைக்குப் பதிலாக ஒரு சின்ன சிப் வைத்து, எந்த நூல் தூக்கணும் என்று சொல்ல வைக்கணும். எந்த மொழி?

‘வேகம் வேணும், அதனால சி’ என்று உடனே சொல்லிவிடுவோம். கொஞ்சம் பொறுங்க. சாதா விசைத்தறியில் நாடா நிமிஷத்துக்கு நூறு தடவைக்கு மேல் ஓடும். ஒரு ஊடைக்கு அரை விநாடி என்று வையுங்கள். சிப்புக்கு அரை விநாடி என்பது ஒரு யுகம். பைத்தானே அதற்குள் ஊர் சுற்றி வந்துவிடும். அப்போ பிரச்னை வேகம் இல்லை. பிரச்னை இரண்டு.

ஒன்று, இடம். மாணவர்கள் புராஜெக்டுக்கு வாங்குகிற ஆர்டுயினோ யூனோ போர்டில் இருக்கிற ரேம் 2 கிலோபைட். அதில் நம்ம ‘பேட்டை’யை 113 தடவைக்கு மேல் எழுதி வைக்க முடியாது! அந்தக் குருவிக்கூட்டில் நாம் லேப்டாப்பில் ஓட்டுகிற பைத்தானைக் குடியேற்ற முடியாது. சி-யும் சி ப்ளஸ் ப்ளஸ்ஸும் காலை மடக்கி உட்காரும். கொஞ்சம் பெரிய ‘ஈ.எஸ்.பி.32’ போர்டு என்றால் ‘மைக்ரோபைத்தான்’ வைக்கலாம்.

இரண்டாவது, நேரம் தவறாமை. பைத்தான், ஜாவா மாதிரி மொழிகள் நடுநடுவே பழைய டேட்டாவைப் பெருக்கித் தள்ள ஒரு நிமிஷம் ‘இருப்பா’ என்று நிற்கும். நிஜத்தில் அது விநாடியில் சின்னஞ்சிறு பங்குதான். வெப்சைட்டில் யாருக்கும் தெரியாது. ஓடுகிற நாடா காத்திருக்காது. சராசரி வேகம் வேறு; ஒவ்வொரு தடவையும் சொன்ன நேரத்துக்கு வருவது வேறு. லேட்டா வர்ற எக்ஸ்பிரஸைவிட டயத்துக்கு வர்ற பாசஞ்சர் உசத்தி!

சி-யிலும் வில்லங்கம் உண்டு. மெமரியை நீங்களே பார்த்துக்கொள்ளணும். எல்லை தாண்டி எழுதினால் பல சமயம் தட்டிக் கேட்காது. மைக்ரோசாஃப்ட் 2019-லும், கூகுளின் குரோமியம் குழு 2020-லும் தங்கள் பெரிய பாதுகாப்பு ஓட்டைகளில் சுமார் 70 சதவிகிதம் இந்த மெமரி தவறுகளால் வந்தவை என்று சொன்னார்கள். ‘ரஸ்ட்’ மொழிக்கு மவுசு வந்தது இதனால்தான்; கம்பைல் ஆகும்போதே அது காதைப் பிடித்துத் திருகும். 2022 டிசம்பரில் வெளியான லினக்ஸ் 6.1 கெர்னலிலேயே ரஸ்ட்டுக்கு இடம் கொடுத்தார்கள்.

பாடம் மூணு: ‘ஃபாஸ்ட்’ என்ற ஒரே வார்த்தையில் ஏமாறாதீங்க. எங்கே ஓடப் போகுது, எவ்வளவு இடம் இருக்கு, தாமதம் ஆனா என்ன ஆகும்னு தனித்தனியா கேளுங்க.

கோர்வை போடலாமே!

‘ஒரு வேலைக்கு ஒரு மொழிதானா?’ன்னு கேட்டா, காஞ்சிபுரம் கோர்வைச் சேலையைப் பாருங்க. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம். தனித்தனி நாடா ஓட்டி, சேரும் இடத்தில் ஊடையைக் கோர்த்து நெய்வார்கள். கட்டுகிறவர்களுக்கு ஒரே சேலை.

டேட்டா சயின்ஸ் படிக்கிறவங்க தினமும் தொடுற ‘நம்பை’ அதே கோர்வைதான். நீங்கள் எழுதுவது பைத்தான். உள்ளே லட்சக்கணக்கான எண்களை அள்ளிப் பெருக்குவது சி. அதற்கும் கீழே மேட்ரிக்ஸ் கணக்குக்கு ஃபோர்ட்ரான் காலத்து நூலகங்களின் வம்சாவளி. ஏ.ஐ. உலகத்து ‘பைடார்ச்’சும் அப்படியே: மேலே பைத்தான், அடியில் சி ப்ளஸ் ப்ளஸ். ‘பைத்தான் ஸ்லோ’ என்று சொல்கிறவர்களும், ‘ஏ.ஐ. முழுக்க பைத்தான்’ என்று சொல்கிறவர்களும் ஒரே சேலையின் ஆளுக்கொரு பாதியைப் பார்க்கிறவர்கள்.

ஃபோர்ட்ரான் என்றதும் கொட்டாவி விடாதீங்க. 1957-ல் வந்த மொழிதான். ஆனால் இந்திய வானிலை ஆய்வுத் துறை பயன்படுத்துகிற ‘டபிள்யூ.ஆர்.எஃப்.’ கணிப்பு மாடல் பெரும்பாலும் ஃபோர்ட்ரானில் எழுதியது. நாளைக்கு மழை லீவு உண்டா என்று நீங்கள் டி.வி. முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, எங்கேயோ ஒரு சூப்பர் கம்ப்யூட்டரில் அந்தத் தாத்தா ஓடிக்கொண்டிருக்கிறார்.

கூட வேலை செய்கிறவர்கள் யார்?

மெஷினுக்குப் புரிவது போதாது. அடுத்து வருகிறவனுக்கும் புரியணும். நம்ம மாநிலத்து கம்பெனிகள் ரெண்டைப் பார்ப்போம். 1996-ல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் தொடங்கிய ஸோஹோ, நெட்வொர்க்கைக் கண்காணிக்கும் சாஃப்ட்வேரில் கால் பதித்தது. ஒவ்வொரு வாடிக்கையாளரிடமும் ஒவ்வொரு மெஷின். எந்த மெஷினிலும் ஓடும் என்ற வாக்குறுதியோடு வந்த ஜாவா அதற்குத் தோதாக இருந்தது. பிற்பாடு, புரோகிராமர் அல்லாதவர்களும் சின்னச் சின்ன ஆப் செய்துகொள்ள ‘ஸோஹோ கிரியேட்டர்’ வந்தபோது, ‘டெலூஜ்’ என்று சொந்தமாகவே ஒரு குட்டி மொழி செய்துகொண்டார்கள். ஆள் மாறினால் மொழியும் மாறும்.

2010-ல் சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்டெஸ்க் (இப்போதைய ஃப்ரெஷ்வொர்க்ஸ்) எடுத்தது ‘ரூபி ஆன் ரெயில்ஸ்’. குட்டி கம்பெனிக்கு முதல் கவலை, சட்டென்று ஒரு பொருளைச் செய்து சந்தையில் வைப்பது. ரெயில்ஸின் பலமே அதுதான். 2021-ல் அந்த கம்பெனி அமெரிக்க நாஸ்டாக் பங்குச் சந்தை வரை போனது. ஒருத்தர் ஜாவா, இன்னொருத்தர் ரூபி; ரெண்டு பேருமே ஜெயிச்சாங்க!

கடைசியா ஒரு சூப்பர் கேஸ். ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பர்க் என்ற டென்மார்க்காரர் சி ஷார்ப் மொழியையும் டைப்ஸ்கிரிப்ட்டையும் வடிவமைத்தவர். டைப்ஸ்கிரிப்ட்டின் கம்பைலர் பெரிய புராஜெக்டுகளில் திணறியது. 2025 மார்ச்சில் அவர் குழு, அதை வேறு மொழிக்கு மாற்றுவதாக அறிவித்தது. தன் செல்லப்பிள்ளை சி ஷார்ப்பைத்தானே எடுப்பார்? இல்லை. ஊரே கொண்டாடுகிற ரஸ்ட்? அதுவும் இல்லை. கூகுளில் பிறந்த ‘கோ’! காரணம் சிம்பிள். இருக்கிற கோடு பெரும்பாலும் வகுப்புகள் இல்லாமல் ஃபங்ஷன்களாகவே எழுதப்பட்டது. ‘கோ’வின் நடையும் அதே. புதிதாக எழுதாமல், வரிக்கு வரி பெயர்க்கலாம். வட்டமடித்து ஒன்றையொன்று சுட்டுகிற டேட்டாவுக்கு ‘கோ’வின் தானியங்கி மெமரி சுத்தம் ஒத்துவரும். பலன்: ‘வி.எஸ். கோடு’ எடிட்டரின் சுமார் 15 லட்சம் வரிகளைச் சரிபார்க்க 77.8 விநாடி ஆனது, 7.5 விநாடியாகக் குறைந்தது. மொழியைப் பெற்ற தகப்பனே, வேலைக்காகப் பிள்ளையை ஒதுக்கி வைத்தார். கேன்டீன்ல கத்துற நமக்கு என்ன பிரச்னை?

அதே சமயம், சரியான மொழி எடுத்துட்டா எல்லாம் சுபம்னும் இல்லை. ஏடா லவ்லேஸின் பெயரைச் சூட்டிய ‘ஏடா’ மொழி, நம்பகத்தன்மையை மனதில் வைத்துக் கறாராக வடிவமைத்தது. 1996 ஜூன் 4-ம் தேதி ஐரோப்பாவின் ஏரியன்-5 ராக்கெட் கிளம்பி முக்கால் நிமிஷத்துக்குள் வெடித்துச் சிதறியது. தப்பு நடந்தது ஏடாவில் எழுதிய கோடில்! பழைய ஏரியன்-4-ன் கோடை அப்படியே எடுத்து வைத்தார்கள்; புது ராக்கெட்டின் வேகத்தில் வந்த ஒரு பெரிய எண் 16 பிட் டப்பாவில் அடங்கவில்லை. நல்ல தறி வாங்கிட்டு, பாவை அளக்காம ஏத்தின கதை.

மொழி எடுக்கும் முன் 5 கேள்வி

1. இது எங்கே ஓடும்? போனா, பிரவுசரா, சர்வரா, தீப்பெட்டி சைஸ் போர்டா? (ஆண்ட்ராய்டு ஆப் என்றால் கோட்லின், ஐபோன் என்றால் ஸ்விஃப்ட், பிரவுசர் என்றால் ஜாவாஸ்கிரிப்ட் அல்லது டைப்ஸ்கிரிப்ட். இங்கே பாதி முடிவு தானாகவே வந்துவிடும்.)

2. இதில் கடினமான பாகம் எது? எழுத்தா, காசா, நேரமா, கூட்டமா?

3. அந்தக் கடினத்தை ஏற்கெனவே தீர்த்து வைத்த நூலகம் எந்த மொழியில் இருக்கிறது?

4. நான் போன பிறகு இதை யார் பார்த்துக்கொள்வார்கள்? அவர்களுக்கு என்ன தெரியும்?

5. தப்பு நடந்தால் யாருக்கு நஷ்டம்? எவ்வளவு சீக்கிரம் தெரியவரும்?

அஞ்சுக்கும் பதில் எழுதிவிட்டு, இரண்டு மொழிகள் சமமாக நின்றால்? உங்களுக்கு நல்லா தெரிஞ்சதை எடுங்க. குற்றமே இல்லை.

அப்போ, என்னதான் படிக்கிறது?

பயப்படாதீங்க, நீங்க ஏற்கெனவே பாதி தூரம் வந்தாச்சு. தமிழ்நாடு பாடத்திட்டத்தில் பிளஸ் ஒன் கம்ப்யூட்டர் சயின்ஸில் சி ப்ளஸ் ப்ளஸ், பிளஸ் டூவில் பைத்தான். அண்ணா பல்கலையின் 2021 பாடத்திட்டப்படி இன்ஜினீயரிங் முதல் செமஸ்டரில் பைத்தான் இருந்தது. கம்ப்யூட்டர் சயின்ஸ்காரர்களுக்கு அதில் அடுத்த செமஸ்டரிலேயே சி வந்தது. திட்டம் போட்டோ போடாமலோ, இது நல்ல ஜோடி. ஒன்று மெஷினை மறைக்கிறது. இன்னொன்று மெஷினைக் காட்டுகிறது.

அதனால் மூணாவது, நாலாவது மொழிக்குப் பணம் கட்டும் முன், கையில் இருக்கிற ஒன்றில் ஆழமாகப் போங்க. ஒரு முழு வேலையை அதில் ஆரம்பித்து, நாலு பேர் பயன்படுத்துற அளவுக்கு முடிங்க. பிறகு அதற்கு நேரெதிர் குணமுள்ள இன்னொன்று. கூடவே எஸ்.க்யூ.எல். கம்பெனி எதுவானாலும் டேட்டாபேஸ் இருக்கும். லூப், ஃபங்ஷன், டேட்டா ஸ்ட்ரக்சர் உள்ளே இறங்கிவிட்டால் அடுத்த மொழி அவ்வளவு மிரட்டாது. தமிழும் தெலுங்கும் தெரிந்தவனுக்குக் கன்னடம் கொஞ்சம் சீக்கிரம் வர்ற மாதிரி!

‘அட, இப்பதான் ஏ.ஐ. எல்லா மொழியிலும் எழுதித் தருதே?’ தருது. அதனாலதான் இந்தக் கேள்வி இன்னும் முக்கியம். எழுதுகிற வேலை மலிவானதும், எதில் எழுதச் சொல்வது என்று முடிவு பண்ணுகிற வேலைக்கு விலை ஏறிவிட்டது. வந்த கோடு சரியா என்று பார்க்க, அந்த மொழியின் குணம் உங்களுக்குத் தெரிந்திருக்கணும். காசுக் கணக்கில் 0.1 போட்டிருக்கா, 2 கிலோபைட்டில் அடங்குமா, ‘பேட்டை’யை எப்படி எண்ணுது — கேட்கத் தெரிந்தவன்தான் தப்பிப்பான்.

அடுத்த லேப் ஹவர்ல ஒரு சின்ன விளையாட்டு. உங்க பாலிண்ட்ரோம் புரோகிராம்ல தமிழ் எழுத்துல ‘விகடகவி’ன்னு அடிச்சுப் பாருங்க. ‘இல்லை’ன்னு வந்தா, அதை ‘ஆமாம்’னு சொல்ல வைங்க. எந்த மொழியில்ங்கறது உங்க இஷ்டம். ஏன் அந்த மொழின்னு மட்டும் ரெக்கார்டு நோட்ல ரெண்டு வரி எழுதிடுங்க. இன்டர்வியூவில் மார்க்கைவிட அந்த ரெண்டு வரி அதிகமா பேசும்!